மலையேறிய பாதரசம்

கோடை விடுமுறைக்கு ஊட்டி, கொடைக்கானல் போய்த் திரும்பியவர்கள் இந்த முறை வர்க்கியோடும் யூகலிப்டஸ் தைலத்தோடும் நிறைய சந்தேகங்களையும் கொண்டுவந்திருக்கிறார்கள். மலை, காற்று, மழை, குளிர் பற்றிய கேள்விகளை மட்டும் பிரித்து எடுத்து இந்த இதழை ஒப்பேற்றிவிடலாம் என்று முடிவு.

சேலம் வாசகர்: மலைமேல் காற்றையும் குளிரையும் அளப்பதில் என்ன பெரிய வித்தை? ஒரு கருவியைக் கொண்டுபோய் நட்டால் தீர்ந்தது!

நட்ட பிறகுதான் தலைவலியே ஆரம்பம். தஞ்சாவூர் வயல்வெளியில் ஒரு காற்றுமானியை நட்டால் அது சொல்வதைப் பக்கத்து ஊர்க்காரரும் ஓரளவு நம்பலாம். மலையில் கிழக்குச் சரிவில் வெயில் ஏறும்போது மேற்குச் சரிவு நிழலில் கிடக்கும். ஒன்றில் காற்று ஏறும், மற்றதில் இறங்கும். முகட்டில் ஒரு திசை, பள்ளத்தில் நேர் எதிர்த் திசை. ஒற்றைக் கருவி சொல்வது அது நிற்கும் இடத்தின் வாக்குமூலம் மட்டுமே. அதை வைத்து மொத்த மலைக்கும் தீர்ப்பு எழுத முடியாது. குறைந்தபட்சம் இரண்டு சாட்சி வேண்டும்: மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் ஒரே நேரத்தில்.

மதுரை வாசகி: இந்த இரட்டைச் சாட்சி யோசனை யாருடையது?

பிரான்சில் ஒரு மச்சினனுடையது, மலையேறியது அத்தான். பிளேஸ் பாஸ்கல் பாரிஸில் நோயாளியாக இருந்தார். காற்றுக்கு எடை உண்டென்றால் உயரே போகப் போக அந்த எடை குறைய வேண்டும், குழாயில் பாதரசம் இறங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அக்காள் கணவர் ஃப்ளோரின் பெரியே இருந்த கிளர்மான் ஊருக்குப் பக்கத்திலேயே பூய் தெ டோம் மலை. 1647 நவம்பரில் கடிதம் போனது. 1648 செப்டம்பர் 19 அன்று அத்தான் மலையேறினார். மச்சினன் கேட்ட காரியம் பத்தே மாதத்தில் முடிந்தது நம் ஊர்க் கணக்குக்கு வேகம்தான்.

பெரியே செய்த விதத்தைக் கவனியுங்கள். முதலில் ஊருக்குள் ஒரு மடத்துத் தோட்டத்தில் இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இரண்டும் ஒரே மட்டம் காட்டுகின்றனவா என்று பார்த்தார். அந்தக் காலத்துப் பிரெஞ்சு அங்குலத்தில் இருபத்தாறுக்குச் சற்று மேல். ஒரு குழாயை ஒரு துறவியிடம் ஒப்படைத்து, பகல் முழுக்கக் கண்ணை எடுக்காமல் பார்க்கச் சொன்னார். மற்றதோடு உச்சிக்குப் போனார். அங்கே மட்டம் இருபத்து மூன்றுக்குச் சற்று மேல். மூன்று அங்குலத்துக்கு மேல் இறக்கம்! உடனே குதூகலித்து இறங்கிவிடவில்லை. உச்சியிலிருந்த சிறு கோயிலுக்குள், வெட்டவெளியில், காற்றில், மூடுபனியில் என்று இடம் மாற்றி மாற்றி ஐந்து முறை அளந்தார். ஒரே விடை. இறங்கும் வழியில் நடு மலையிலும் அளந்தார், நடுவாந்திர விடை. கீழே துறவியின் குழாயோ அன்று முழுக்க அசையவே இல்லை. இன்றைக்குக் கோடிக்கணக்கில் செலவழித்து நடக்கும் மலை ஆய்வுகளின் அடிப்படை முழுவதும் அந்த ஒரு நாளில் இருக்கிறது.

குன்னூர் வாசகி: உச்சியிலேயே குடியிருந்து அளந்தவர்கள் உண்டா?

ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையில் (1,345 மீட்டர்) உண்டு. 1881 கோடையில் கிளெமென்ட் ராக் என்பவர் தினந்தோறும் உச்சிக்கு ஏறி அளந்துவிட்டு இறங்கினார். அதே நேரத்தில் கீழே கடலோரம் அவர் மனைவி அளந்தார். மலையேறியவர் பெயர்தான் பெரிய எழுத்தில் நின்றது. கீழேயிருந்த அளவு இல்லாவிட்டால் மேலேயிருந்த அளவுக்கு அர்த்தமே இல்லை என்பதை அம்மணிகள் குறித்துக்கொள்ளலாம்.

1883-இல் உச்சியில் கல் கட்டடமே எழும்பியது. அதன்பின் 1904 வரை மணிக்கொரு முறை, இரவும் பகலும், ஆள் வெளியே போய்க் கருவியைப் படித்துக் குறித்தார். பனிக்காலத்தில் கதவு புதைந்துவிடும் என்பதால் கோபுரம் ஒன்று கட்டி அதன் வழியாக வெளியேறினார்கள். கடைசியில் அதை மூட வைத்தது புயல் இல்லை, பணமுடை.

1894 செப்டம்பரில் அங்கே இரண்டு வாரம் மாற்றாளாக வேலை பார்த்த இளைஞர் சி.டி.ஆர். வில்சன். மேகத்தின் மேல் விழும் நிழலைச் சுற்றித் தோன்றிய வண்ண வளையங்களில் சொக்கிப்போனார். அதை ஆய்வகத்தில் செய்துபார்க்கப் போய் மேக அறை என்ற கருவியை உருவாக்கினார். அணுத்துகள்கள் போன தடத்தை அது கண்ணுக்குக் காட்டியது. 1927-இல் நோபல் பரிசு. டெம்பரரி வேலை என்று யாரும் அலட்சியம் செய்யாதீர்கள். வில்சன் பெயரை நினைவில் வையுங்கள். ஊட்டியில் மறுபடி வருவார்.

கரூர் வாசகர்: அந்தக் காலத்து மலை நிலையம் எதுவாவது இன்னும் ஓடுகிறதா?

ஆஸ்திரியாவின் சோன்பிளிக் நிலையம், 3,106 மீட்டரில், 1886-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கட்ட முன்னின்றவர் இக்னாஸ் ரோயாகர், அந்தப் பகுதியின் தங்கச் சுரங்க முதலாளி. சுரங்கம் மூடி வெகுகாலம் ஆகிறது. அவர் சொத்தில் இன்னும் வட்டி கொடுப்பது அந்த வெப்பநிலைப் பதிவேடுதான்.

ஊட்டி, காய்கறி விவசாயி: ஜனவரியில் பள்ளத்தில் இருக்கும் என் உருளைக்கிழங்கு உறைபனியில் கருகுகிறது. மேட்டில் இருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. உயரத்தில்தானே குளிர் அதிகம்?

பகலுக்கு அது சரி. இரவில் வானம் தெளிந்து, காற்றும் அசையாமல் நின்றால் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. தரையைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனக்கிறது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்கள் விடியலில் வெள்ளை வெளேரென்று கிடப்பது இதனால்தான்.

இதில் உலகப் புகழ் பெற்ற பள்ளம் ஆஸ்திரியாவில் லுன்ஸ் ஊருக்கு அருகே இருக்கும் க்ரூன்லோக். உயரம் சுமார் 1,270 மீட்டர்தான், அதாவது ஊட்டியைவிடத் தாழ்வு. 1932 பிப்ரவரியில் அதன் அடியில் பதிவானது மைனஸ் 52.6 டிகிரி! மலையில் மேலே போகப் போக மரம் குட்டையாவது வழக்கம். அங்கே கீழே இறங்க இறங்க மரம் குட்டையாகி, அடியில் புல்தான் மிச்சம்.

அமெரிக்காவின் அரிசோனாவில் விண்கல் விழுந்து குடைந்த பள்ளம் ஒன்று உண்டு. அகலம் 1.2 கி.மீ., ஆழம் சுமார் 170 மீட்டர். வெளியிலிருந்து ஆறு, ஓடை எதுவும் குறுக்கிடாத கச்சிதமான கிண்ணம். 2006 அக்டோபரில் டேவிட் வைட்மன் குழுவினர் அதன் சுவரெல்லாம் வெப்பப் பதிவிகளை நட்டு, கயிறு கட்டிய பலூன்களில் கருவிகளை ஏற்றி இறக்கி, இரவு முழுக்க அளந்தார்கள். அடியிலிருந்து விளிம்பு வரை படிப்படியாகக் குளிர் குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கருவிகள் வேறு சொன்னன. அடியில் ஏறத்தாழ 30 மீட்டருக்குள் மட்டும் கடுங்குளிர். அதற்கு மேல் விளிம்பு வரை கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலை. வெளியே சமவெளியில் குளிர்ந்த காற்று விளிம்பைத் தாண்டி உள்ளே ஒழுகி, கலக்கிவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

உங்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் யோசனை: தோட்டத்தின் அடியில் ஒன்று, மேட்டில் ஒன்று என இரண்டு வெப்பமானி வையுங்கள். எந்த மட்டத்துக்குக் கீழே கிழங்கு போடக் கூடாது என்பதை ஒரே பருவத்தில் அவை சொல்லிவிடும்.

போடிநாயக்கனூர் வாசகர்: பகலில் காற்று மலை ஏறுகிறது, இரவில் இறங்குகிறது. அதற்கும் ஷிஃப்டா?

ஷிஃப்ட்தான், சூரியன் போட்டது. பகலில் சரிவுத் தரை சூடாகி, அதை ஒட்டிய காற்று லேசாகி ஏறுகிறது. இரவில் குளிர்ந்து இறங்குகிறது. இது சரிவுக் காற்று. பள்ளத்தாக்கின் நீளவாக்கில் ஓடும் காற்றுக்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. இரு மலைகளுக்கு நடுவே இடம் குறுகல். அடங்கும் காற்றும் குறைவு. அரைப் படி உலையும் முழுப் படி உலையும் ஒரே தீயில் இருந்தால் எது முதலில் கொதிக்கும்? அதே வெயிலில் பள்ளத்தாக்கு சமவெளியைவிடச் சீக்கிரம் சூடாகிறது, சமவெளிக் காற்றை உள்ளே இழுக்கிறது. இன்ஸ்ப்ரூக்கில் ஆர்தர் வாக்னர் 1930-களில் இதை விளக்கினார்.

ஆனால் சுவிட்சர்லாந்தின் மலோயா கணவாய்ப் பக்கம் போனால் பகலில் காற்று பள்ளத்தாக்கில் இறங்குகிறது! பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஏறிய காற்று கணவாயைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடுவதுதான் காரணம். பாடப்புத்தகத்தை மட்டும் நம்பி அங்கே பாய்மரம் விரித்தவர் எதிர்த்திசைக்குப் போய்ச் சேருவார்.

திண்டுக்கல், பாலிடெக்னிக் மாணவர்: காற்று வேகத்தை இன்னும் சுழலும் கிண்ணத்தை வைத்துத்தான் அளக்கிறார்களா?

பொதுவான பதிவுக்கு ஆம். ஆனால் கிண்ணம் சுழல்வதற்குள் மலைக்காற்று மனம் மாறிவிடும். அதனால் ஆய்வுக்கு ஒலிக் காற்றுமானி. எதிரெதிராக இரண்டு முனைகள், நடுவே ஒரு சாண் இடைவெளி. ஒரு முனை ஒலியை அனுப்பும், மற்றது வாங்கும். பிறகு மாற்றிச் செய்யும். காற்றோடு போகும் ஒலி சீக்கிரம் சேரும், எதிர்த்துப் போவது தாமதமாகும். அந்த வித்தியாசம்தான் காற்றின் வேகம். இப்படி மூன்று ஜோடி இருப்பதால் காற்று மேலே போகிறதா, கீழே வருகிறதா என்பதும் தெரியும். ஒலியின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது என்பதால் வெப்பநிலை இலவச இணைப்பு. நொடிக்கு 20 முறை அளந்தால் ஒரு நாளில் 17 லட்சத்துக்கு மேற்பட்ட அளவுகள். ஒரு கம்பத்தில் ஐந்து கருவி, இருபது கம்பம் என்று பெருக்கிப் பாருங்கள். முனைவர் பட்டம் வாங்குவதற்குள் நரைப்பது ஏன் என்று புரியும்.

சரிவில் இதற்கு ஒரு கண்டம் உண்டு. கம்பத்தை நேராக நட்டிருப்பீர்கள். காற்றோ சரிவை ஒட்டிச் சாய்ந்து ஓடும். "காற்று தரைக்குள் இறங்குகிறது" என்று கருவி சத்தியம் செய்யும். அதை அப்படியே நம்பினால் தரையிலிருந்து எவ்வளவு சூடும் ஈரமும் மேலே போகின்றன என்ற கணக்கே தலைகீழாகலாம். அதனால் காற்று உண்மையில் எந்தத் தளத்தில் ஓடுகிறது என்று பார்த்து, அச்சைக் கணக்கிலேயே திருப்பிக்கொள்வார்கள்.

அதே மாணவர்: பலூன் விடுகிறார்களே, அது பாதி வழியில் அடுத்த பள்ளத்தாக்குக்குப் பறந்துவிடாதா?

பறந்துவிடும். அதனால்தான் கயிறு கட்டிய பலூன், லேசர் ஒளி பாய்ச்சும் லிடார் எல்லாம். காற்றில் மிதக்கும் தூசியில் பட்டுத் திரும்பும் ஒளியின் நிறமாற்றத்தைப் பார்த்து, எட்டாத உயரத்துக் காற்றின் வேகத்தையும் லிடார் சொல்லிவிடும். தூசி இல்லாத சுத்தமான காற்றில் அதற்குக் கண் மங்கும். மலைக்காற்று சுத்தமானது என்று வருத்தப்படும் ஒரே கூட்டம் இவர்கள்தான்.

திருச்சி வாசகி: ஆல்ப்ஸ் மலையில் ஒரு வெப்பக்காற்று வீசினால் ஊரே தலைவலியில் படுக்குமாமே?

அதன் பெயர் ஃபோன். செல்போன் இல்லை, அந்தத் தலைவலி வேறு. மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கும் காற்று அழுத்தம் கூடி, 100 மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி வீதம் சூடாகிறது. வறண்டு, திடீரென்று, வேகமாக வரும். தலைவலிக்கு அதுவே காரணமா என்பது மருத்துவர்களின் வழக்கு. வானிலையாளர்களின் வழக்கு வேறு: பள்ளத்தாக்கில் ஏற்கெனவே தேங்கிக் கிடக்கும் குளிர்க்காற்றை ஃபோன் எப்படிக் கிளப்புகிறது? மேலிருந்து அரித்தா, பக்கவாட்டில் தள்ளியா? இதைப் பார்க்கவே 2017 இலையுதிர் காலத்தில் இன்ஸ்ப்ரூக் நகரில் லிடார்களையும் வெப்பப் பதிவிகளையும் வைத்து ஓர் ஆய்வு நடந்தது. நகரின் ஒரு பகுதியில் ஃபோன் அடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பகுதி குளிரில் கிடக்கலாம். இன்றைய வானிலை என்ன என்ற கேள்விக்கு அங்கே "எந்தத் தெருவில்?" என்று திருப்பிக் கேட்பது நியாயம்.

சென்னை வாசகர், அடிக்கடி விமானத்தில் போகிறவர்: மலைக்கு அருகே விமானம் குலுங்குவது ஏன்? பைலட் புதிதா?

பைலட்டை விட்டுவிடுங்கள். மலை மீது மோதி ஏறிய காற்று மறுபக்கம் இறங்கி, மறுபடி ஏறி, அலை அலையாகப் போகும். அந்த அலைக்கு அடியில், தரைப் பக்கமாக, கிடைமட்டமாக உருளும் சுழல்கள் உருவாகும். பார்வைக்கு வானம் நீலமாக, சாந்தமாக இருக்கும். 1966 மார்ச் 5 அன்று ஜப்பானின் ஃபுஜி மலை அருகே ஒரு போயிங் 707 இப்படிப்பட்ட கொந்தளிப்பில் நடுவானில் உடைந்தது; இருந்த 124 பேரும் இறந்தார்கள்.

இதை அளக்கப் போனவர்களின் துணிச்சல் தனி ரகம். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையடியில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. 1951-52-இல் அங்கே என்ஜினே இல்லாத கிளைடர் விமானங்களில் கருவிகளை ஏற்றி அலைக்குள் பறந்தார்கள். 1952-இல் இருவர் 44,000 அடியைத் தாண்டினார்கள். 1955-இல் லாரி எட்கர் ஓட்டிய கிளைடர் அந்தச் சுழலில் சிக்கித் துண்டு துண்டாக உடைந்தது. பாராசூட் அவரைக் காப்பாற்றியது. சுழல் எவ்வளவு வலுவானது என்பதற்கு உடைந்த கிளைடரைவிடத் துல்லியமான அளவு அன்று இல்லை. அந்தத் திட்டத்தின் முக்கிய விஞ்ஞானி யோவாகிம் கியூட்னர். 2006-இல் அதே பள்ளத்தாக்கில் மூன்று ஆய்வு விமானங்கள், லிடார்கள், ரேடார்களோடு மறுபடி பெரிய ஆய்வு நடந்தபோதும் அவர் இருந்தார். அப்போது அவருக்குத் தொண்ணூற்றைந்து தாண்டிவிட்டது. ஓய்வூதியம் வாங்குவதில் நமக்கிருக்கும் அவசரம் அவருக்கு இல்லை.

காரைக்குடி வாசகர்: அந்த அலை எதுவரை போகும்?

2018-இல் அர்ஜென்டினாவில் ஆண்டிஸ் மலை அலையில் ஏறிய பெர்லான் என்ற கிளைடர் 22 கி.மீ. உயரத்தைத் தாண்டியது. அலை அங்கேயும் நிற்பதில்லை. 2014-இல் நியூசிலாந்தில் நடந்த ஆய்வில் விமானத்திலிருந்தே மேல்நோக்கி லேசர் பாய்ச்சினார்கள். விண்கற்கள் எரிந்து உதிர்த்த சோடியம் சுமார் 90 கி.மீ. உயரத்தில் மெல்லிய படலமாக இருக்கிறது. அது வரையிலும் மலையின் சலனம் தெரிந்தது. நான்கு கி.மீ. கூட உயரமில்லாத மலை, தன்னைப்போல் இருபது மடங்கு உயரத்தில் கைவரிசை காட்டுகிறது.

ஆரல்வாய்மொழி, காற்றாலை ஊழியர்: ஒரே கம்பெனி, ஒரே மாடல் காற்றாலை. ஒன்று ஓடுகிறது, பக்கத்தில் இருப்பது தூங்குகிறது. ஏன்?

உங்கள் கணவாய் மலைகளின் இடைவெளியில் காற்றைப் பிழிந்து அனுப்புவதால்தான் முப்பந்தலில் இத்தனை காற்றாலை. அதே மலைதான் ஓரிடத்தில் காற்றைக் கூட்டி இன்னோரிடத்தில் மறைக்கிறது. ஸ்காட்லாந்தில் ஆஸ்கர்வெய்ன் என்று 116 மீட்டரே உயரமுள்ள ஒரு குன்று. 1982-83-இல் அதன்மேல் ஐம்பது கம்பங்கள் நட்டு அளந்தார்கள். உச்சியில், தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில், காற்று சமவெளியைவிட ஏறத்தாழ 80 சதவீதம் கூடுதல் வேகம். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். ஆறு மடங்கு வருகிறதா என்று போட்டுப் பாருங்கள்.

அது ஒற்றைக் குன்று. 2017-இல் போர்ச்சுகலின் பெர்திகாவ் என்ற இடத்தில், சுமார் 1.4 கி.மீ. இடைவெளியில் இணையாக ஓடும் இரு மலைத்தொடர்கள் மேல் ஐம்பதுக்கு அருகில் கம்பங்கள், நூற்றெண்பதுக்கு மேல் ஒலிமானிகள், ஏறத்தாழ இருபது லிடார்கள். முதல் மலை கலக்கிவிட்ட காற்று இரண்டாவது மலையில் எப்படி விழுகிறது, காற்றாலையின் பின்னால் வரும் தளர்ந்த காற்று இரவில் சரிவோடு இறங்குகிறதா, பகலில் மேலே எழும்புகிறதா என்று பார்த்தார்கள். இரண்டும் நடக்கிறது. உங்கள் தூங்குமூஞ்சிக் காற்றாலைக்குப் பதில் கம்பெனியிடம் இல்லை. அதற்கு முன்னால் இருக்கும் குன்றிடம் கேளுங்கள்.

வால்பாறை, தேயிலைத் தோட்டப் பணியாளர்: டிவியில் "லேசான மழை" என்கிறார்கள். எங்கள் பாடியில் கூரை பிய்ந்துபோகிற அளவு கொட்டுகிறது. யார் சொல்வது பொய்?

யாரும் பொய் சொல்லவில்லை. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியபோது, அவ்வளவு மழை ஊட்டி நகரத்தில் இல்லை. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று எந்த முகட்டில் முதலில் மோதுகிறதோ அங்கே கொட்டிவிட்டு, மறுபக்கம் வெறுங்கையோடு போகும்.

இதை அளப்பதில் மூன்று இடைஞ்சல். ரேடார் அலையை மலையே மறைத்துவிடும். பின்னால் பெய்வது தெரியாது. செயற்கைக்கோள் மேலிருந்து மேகத்தின் தலையைப் பார்க்கும். தாழ்வான மேகத்தில் கொட்டும் மழையைக் குறைத்து மதிப்பிடும். மழைமானியோ வேகக் காற்றில் துளிகளைத் தவறவிடும். பனித்தூவல் என்றால் இன்னும் மோசம். அதனால் மூன்றையும் ஒன்றாக நிறுத்திச் சண்டை போடவிடுகிறார்கள். 2015-16 குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஒலிம்பிக் மலைகளில் லாரியில் ஏற்றிய ரேடார், விமானங்கள், மழைமானிகள், மேலே செயற்கைக்கோள் என்று எல்லாம் ஒரே புயலை அளந்தன.

1999 இலையுதிர் காலத்தில் ஆல்ப்ஸின் தென்புறம் நடந்த பெரிய ஆய்வில் இன்னொரு விந்தை. மேலே ஈரக்காற்று மலையை நோக்கிப் போகிறது. அதே நேரம், அதே மழையில், பள்ளத்தாக்கின் அடியில் காற்று மலையைவிட்டு வெளியே வருகிறது. உருகும் பனியும் ஆவியாகும் துளியும் குளிரவைத்த காற்று அது. தரைக் கருவியை மட்டும் பார்த்திருந்தால் மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தப்பாக எழுதியிருப்பார்கள்.

கும்பகோணம் வாசகர்: உலகத்திலேயே உயரமான வானிலைக் கருவி எங்கே?

எவரெஸ்டில். 2019 மே மாதம் 7,945 மீட்டரில் ஒன்றும், 8,430 மீட்டரில் ஒன்றும் தானியங்கி நிலையங்களை நட்டார்கள். மேல் நிலையத்தில் காற்றுக் கருவியைப் பொருத்த வேண்டிய குழாய்த் துண்டைக் காணோம். கடைக்கு ஓடக்கூடிய இடமா? பனி அள்ளும் மண்வாரியின் கைப்பிடி அளவாக இருந்தது. அதில் டேப் சுற்றிப் பொருத்திவிட்டார்கள். அந்த நிலையம் அடுத்த ஜனவரியிலேயே வாயை மூடிக்கொண்டது. 2022-இல் இன்னும் மேலே, 8,810 மீட்டரில் வேறொன்றை நட்டார்கள். ஷெர்ப்பாக்களின் முதுகு இல்லாமல் இதில் எதுவும் ஏறியிருக்காது.

நாகர்கோவில் வாசகர்: மலைமேல் அளந்ததில் அதிவேகக் காற்று?

அமெரிக்காவின் மவுண்ட் வாஷிங்டன் உச்சியில், 1934 ஏப்ரல் 12 அன்று, மணிக்கு 372 கி.மீ. உறைபனி பிடிக்காமலிருக்க சூடேற்றிய காற்றுமானி. உயரம் 1,917 மீட்டர்தான், நம் தொட்டபெட்டாவைவிடக் குட்டை. உலகச் சாதனை 1996-இல் ஆஸ்திரேலியப் புயலுக்குக் கைமாறிவிட்டது: 408 கி.மீ.

நெய்வேலி வாசகி: கரியமில வாயுவை அளக்க ஹவாய் எரிமலையா கிடைத்தது?

நகரமும் காடும் பக்கத்தில் இல்லாத சுத்தமான காற்று வேண்டும். 1958-இலிருந்து மௌனா லோவா மலையில், 3,397 மீட்டரில் அளக்கிறார்கள். அங்கேயும் போடி வாசகரின் ஷிஃப்ட் உண்டு: பகலில் கீழே இருக்கும் செடிகொடிகள் மூச்சுவிட்ட காற்று மேலே ஏறிவரும், இரவில் உயரத்துச் சுத்தக் காற்று இறங்கும். அதனால் எந்த நேரத்து அளவை ஏற்பது என்பதற்கே விதிமுறை வைத்திருக்கிறார்கள். 2022 நவம்பரில் எரிமலைக் குழம்பு சாலையையும் மின்கம்பியையும் விழுங்கியது; சில மாதம் பக்கத்து மௌனா கியாவில் அளந்து சமாளித்தார்கள்.

உதகை பேருந்து நிலையத்திலிருந்து ஒரு வாசகர்: எல்லாம் வெளிநாட்டுக் கதை. நம் மலையில் ஒன்றும் இல்லையா?

நீங்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஊரில்தான், ஓர் இடிமேகத்துக்குள் எவ்வளவு மின்னழுத்தம் என்று அளந்தார்கள். டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம், சுமார் 2,200 மீட்டர் உயரத்தில். விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதி மியூவான் என்ற மின்னேற்றத் துகள்களைப் பொழிகின்றன. இடிமேகத்தின் மின்புலம் வழியாக வரும்போது சில மியூவான்கள் ஆற்றலை இழக்கின்றன. தரைக்கு வந்துசேரும் எண்ணிக்கை குறைகிறது. 2011-க்கும் 2014-க்கும் இடையே 184 இடிமேகங்களை இப்படிப் பார்த்தார்கள். 2014 டிசம்பர் 1 அன்று வந்த மேகத்தில் 18 நிமிடம் மியூவான் எண்ணிக்கை இரண்டு சதவீதம் சரிந்தது. அதைக் கணக்கிட்டால் மேகத்துக்குள் 130 கோடி வோல்ட்! பலூனும் விமானமும் மேகத்தின் ஓர் ஓரத்தைத்தான் தொட முடியும். மியூவான் முழு மேகத்தையும் ஊடுருவி வந்து சாட்சி சொல்லிவிட்டது. முடிவு 2019-இல் வெளியானது.

இடிமேகத்துக்குள் நூறு கோடி வோல்ட் அளவுக்கு இருக்கலாம் என்று ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன்பே சொன்னவர் யார் தெரியுமா? பென் நெவிஸில் இரண்டு வாரம் வேலை பார்த்த அதே வில்சன். மியூவானையே முதலில் கண்டுபிடித்ததும் அவருடைய மேக அறையை வைத்துத்தான்.

ஈரோடு, மென்பொருள் பொறியாளர்: சூப்பர் கம்ப்யூட்டர் மாடல் இருக்கும்போது இன்னும் ஏன் கம்பம், பலூன், மண்வாரி?

உங்கள் மாடல் நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறது. கட்டம் மூன்று கி.மீ. என்றால், ஒரு கி.மீ. அகலப் பள்ளத்தாக்கு அதில் கிடையாது. மலையும் பள்ளமும் சராசரியாகி மொட்டை மேடாகிவிடும். கட்டத்தைச் சிறிதாக்கினால் போதும் என்பீர்கள். தரையிலிருந்து காற்றுக்கு வெப்பமும் ஈரமும் போகும் வேகத்தை மாடல்கள் கணக்கிடும் சூத்திரங்கள் எங்கிருந்து வந்தன? பெரிதும் 1968-இல் அமெரிக்காவின் கன்சாஸில் எடுத்த அளவுகளிலிருந்து. அறுவடை முடிந்த கோதுமை வயல், மேசைபோல் தட்டை. அந்தச் சூத்திரத்தைத்தான் இமயமலைக்கும் பூசுகிறோம்.

இதைச் சரிசெய்யத்தான் மலைக்குப் போகிறார்கள். 2012-13-இல் அமெரிக்காவின் யூட்டா பாலைவன மலை ஒன்றைச் சுற்றி நடந்த மேட்டர்ஹார்ன் ஆய்வின் தலைவர் ஹரிந்திர ஃபெர்னாண்டோ, இலங்கையில் பிறந்தவர். 2024 இலையுதிர் காலத்தில் தொடங்கி ஓராண்டு, ஆல்ப்ஸின் பல பள்ளத்தாக்குகளில் டீம்எக்ஸ் என்ற பல நாட்டுக் கூட்டு ஆய்வு நடந்தது. மாடல் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும், அதற்குப் பாடம் எடுத்தது ஏதோ ஒரு வயலில் நின்ற கம்பம். மலைப் பாடத்துக்கு மலையில் நிற்கும் கம்பம் வேண்டும்.

தேனி, இயற்பியல் பட்டதாரி: இந்த வேலைக்குப் போனால் என்ன கிடைக்கும்?

அதிகாலை மூன்று மணிக்கு பேட்டரி மாற்றும் பாக்கியம். கம்பத்தில் முதுகு சொறியும் மாடுகளின் நட்பு. பெண் வீட்டார் "மாப்பிள்ளை என்ன செய்கிறார்?" என்று கேட்டால் "காற்று வாங்குகிறார்" என்று உண்மையைச் சொல்லலாம். கணிதமும் மின்னணுவியலும் மலையேறும் காலும் இருந்தால் தைரியமாகப் போங்கள்.

கூடலூர் வாசகி: எங்களைப்போல மலையில் வசிக்கும் சாதாரணர்கள் இதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

நிறைய முடியும். நீலகிரி, வால்பாறை, மூணாறு எஸ்டேட்டுகளில் மழையளவைத் தினமும் குறித்துவைப்பது பரம்பரை வழக்கம். அரசு மழைமானி எட்டாத முகட்டிலும் பள்ளத்திலும் எடுத்த அளவுகள் அவை. மலையைப் பொறுத்தவரை அதுதான் அவற்றின் மதிப்பு. பென் நெவிஸ் ஆட்கள் நூறு ஆண்டுக்கு முன் கையால் எழுதிய பக்கங்களை 2017-இல் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே தட்டச்சு செய்து கணினிக்குள் ஏற்றினார்கள். பழைய புயல்களை ஆராய இன்று அவை பயன்படுகின்றன. உங்கள் வீட்டிலோ எஸ்டேட் ஆபீஸிலோ பழைய மழைக்கணக்கு நோட்டு இருந்தால், செல்லரித்திருந்தாலும், எடைக்குப் போடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, மழைமானி எங்கே இருந்தது என்பதையும் எழுதி, அருகிலுள்ள கல்லூரிக்கோ வானிலை மையத்துக்கோ கொடுத்துவிடுங்கள்.